வெந்நீரில் அலசிய மெஷின்

"குடும்பத்தோடு வாருங்கள், குழந்தைகளோடு மகிழுங்கள்" என்று அந்த உணவகத்தின் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. அதை எழுதிக் கொடுத்த புண்ணியவானை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டிவந்து, ஒரே ஒரு மேசையைத் துடைக்கச் சொல்ல வேண்டும் என்பது பினாயிலக்காவின் நெடுநாள் ஆசை. மகிழ்வதெல்லாம் அவர்கள். மகிழ்ந்து முடித்த பிறகு மேசைக்கு மேலும் கீழும் கிடப்பதை அள்ளுவது இவள்.

அள்ளுவதென்றால் சும்மா இல்லை. தக்காளி சாஸைத் தொட்டுத் தொட்டு மேசை முழுக்கப் படம் வரைந்திருக்கும் ஒரு பிள்ளை. சூப்புக் கிண்ணத்தில் ஐஸ்கிரீமைக் கொட்டி, கை துடைக்கும் தாளைக் கிழித்துப் போட்டு, கரண்டியால் குழைத்து வைத்திருக்கும் இன்னொன்று. குழந்தை நாற்காலியின் இடுக்கில் என்றைக்கோ நசுங்கிய வாழைப்பழம் கறுத்துப்போய் ஒட்டிக் கிடக்கும். இதெல்லாம் பிள்ளைகள் செய்வது, போனால் போகிறதென்று விடலாம். பெரியவர்கள் செய்வதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. பல் குத்திய குச்சியை உப்பு டப்பாவுக்குள் செருகிவிட்டுப் போன கனவான் உண்டு. குழந்தையின் டயப்பரைச் சுருட்டி, தான் சாப்பிட்ட தட்டுக்கு அடியிலேயே ஒளித்து வைத்துவிட்டு, போகும்போது "டேபிள் ரொம்ப ஒட்டுது" என்று முகத்தைச் சுளித்த சீமாட்டியும் உண்டு.

மேசைகள் போதாதென்று விளையாட்டு மூலையும் இவள் தலையில்தான். அங்கே பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய ஒரு தொட்டி. பிள்ளைகள் குதித்துப் புதைந்து எழுவார்கள், பெற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை பந்துகளையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு அடியைப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட குளம் என்று. ஒற்றை சாக்ஸ், சப்பிப் போட்ட மிட்டாய், புண்ணிலிருந்து உரிந்த பிளாஸ்டர், எறும்பு மொய்த்த பிஸ்கட், ஒரு தடவை ஒரு பால்பல். பல்லைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி சிரித்தார். "குழந்தைங்கதானேக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் உலகத்தில் எந்த அசிங்கத்துக்கும் மன்னிப்பு கிடைத்துவிடும்.

கையில் பாட்டிலும் துணியுமாகவே திரிந்ததால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் பினாயிலக்கா. அது அவளுக்கும் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. நாறுகிற ஊரில் மணக்கிற பெயராவது தனக்கு வாய்த்ததே என்றிருந்தாள்.

இத்தனை வருடம் இப்படி வேலை பார்த்தால் மனசு எப்படி ஆகும்? பினாயிலக்காவின் மனசு அப்படித்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள், முழங்கையை வளைத்து மாட்டிக்கொள்வாள். கடைக்காரர் நாக்கில் விரலை நனைத்துப் பையைப் பிரித்தால், அந்தப் பை வேண்டாம் என்று பொருளை முந்தானையில் வாங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கொடுத்தனுப்பும் பதார்த்தத்தை வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்தி, குப்பையில் போடுவாள். கொடுத்தவள் தலையைச் சொறிந்துகொண்டே அடுப்படியில் நின்றதை இவள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள், என்ன செய்ய?

புருஷன் இருக்கிறார். இருக்கிறார் என்றால், ஊரின் இன்னொரு கோடியில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். பெரிய சண்டை, வழக்கு, வம்பு எதுவும் இல்லை. மனிதர் பாதி ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள், அவர் படுத்திருந்த விரிப்பை உருவி வாளியில் ஊறப்போட்டிருப்பாள். நாற்காலியை விட்டு எழுந்தால் துணியோடு வந்து நிற்பாள். "ஒரு நாளைக்கு என்னையும் சேத்து அலசிக் கொடியில போட்டுடுவேடி நீ" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு காலை நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவர் போனவர்தான். அவர் போனதும் இவள் செய்த முதல் காரியம், அவர் அலமாரியைச் சோடா உப்புப் போட்டுக் கழுவியது. அழுதுகொண்டே கழுவினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிஞ்சியது மகள் ஒருத்தி. எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் சட்டையிலும் கவுனிலும் பெயரும் பூவும் முயலும் போட்டுக்கொடுத்துச் சம்பாதிக்கிறவள். மெஷின் பழையது, வேறொருவர் வீட்டிலிருந்து வாங்கியது. ஆனால் கம்ப்யூட்டர் வைத்தது. படத்தைத் தேர்ந்தெடுத்து பட்டனைத் தட்டினால் தானே தைக்கும். மகள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள். பினாயிலக்காவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. விற்றவர்கள் வீட்டில் பூனைகள் வளர்த்தார்களாம். மெஷினின் வயிற்றுக்குள் பார்த்தால் நூல் தூசியும் எண்ணெயும் பூனை முடியுமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து. மகள் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டு "சுத்தம்" என்பாள். பிரஷ்ஷால் தடவினால் அழுக்கு இடம் மாறும், போகுமா? பினாயிலக்காவுக்கு அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடிந்ததில்லை.

மகள் வீட்டை விட்டுத் தனியாகப் போகிறேன் என்றதற்கு அவள் சொன்ன காரணம், வாடிக்கைக்காரர்கள் அதிகம் இருக்கிற பக்கம் இடம் கிடைத்திருக்கிறது என்பது. உண்மைக் காரணம் இரண்டு பேருக்குமே தெரியும். வாடிக்கைக்காரி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தபோது, பினாயிலக்கா சோபாவின்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, "குழந்தைய இதுமேல உக்கார வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவள் துணியைக்கூடக் கொடுக்காமல் திரும்பிப் போனாள். அந்த மாதமே மகள் ஒரு கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பாவைப் போல மகளும் போனால் திரும்ப மாட்டாளோ என்று பினாயிலக்கா பயந்தாள். மகளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் புது அறையின் சாவிகளில் ஒன்றை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உனக்கு. எப்ப வேணும்னாலும் வா. நான் இல்லாதப்பகூட வா. ஆனா ஒண்ணும்மா, கேக்காம எதையும் கழுவக் கூடாது."

"சரிடி."

"சத்தியமா?"

"அதான் சரின்னேன்ல."

அந்தச் சாவியை அன்று அவள் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போனாலும் போய்ப் படுக்க ஓர் இடம் இருக்கிறது, கதவைத் தட்டிக்கொண்டு அன்னியரைப் போல நிற்க வேண்டாம் என்று மனசு நிறைந்திருந்தது.

இதற்கெல்லாம் முன்பே சாமான்களுக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் இவள்தான். உணவகத்தில் ஜன்னலோர மேசைக்கு வழக்கமாக வருகிற பாலிசிக்காரர் ஒருவர் உண்டு. வாய் நிறைய மென்றுகொண்டே பேசுவார், துணுக்குகள் எதிரில் இருப்பவர்மேல் தெறிக்கும். பினாயிலக்கா இரண்டடி தள்ளி நின்றே கேட்டாள்.

"வீடு மாத்தும்போது சாமானுக்கு ஏதாச்சும் ஆனா குடுப்பீங்களா?"

"தாராளமா. வாசப்படி தாண்டினதுலேர்ந்து புது இடத்துல எறக்கற வரைக்கும் எங்க பொறுப்பு. விழுந்தாலும் சரி, நனைஞ்சாலும் சரி, களவு போனாலும் சரி. வாசல் தாண்டறதுக்கு முன்னாடி நீங்களே எதாவது பண்ணிவெச்சா அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"நாங்க என்னத்தப் பண்ணப்போறோம்? வண்டிக்காரன் கையத்தான் நம்ப முடியாது. எதைத் தொட்ட கையோ."

பாலிசிக்காரர் எண்ணெய்க் கையாலேயே காகிதத்தை நீட்டினார். அவள் அதை மேசை துடைக்கும் துணியால் பிடித்து வாங்கினாள்.

சாவி கைக்கு வந்த அன்று மத்தியானம்தான் அந்த வினை நடந்தது. மகள் முடித்த துணிகளைக் கொடுத்துவர வெளியே போயிருந்தாள். மெஷின் அட்டைப்பெட்டிக்குள் தயாராக இருந்தது. பினாயிலக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு இது ஒற்றை அறைக்குப் போகும். மகள் படுப்பது, உண்பது, தைப்பது எல்லாம் அந்த ஒரே அறையில். தட்டுக்கு ஒரு கை தூரத்தில் அந்தப் பூனைமுடிப் பந்து. நினைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கேட்காமல் கழுவக் கூடாது என்றாள்தான். அது புது அறைக்கு. இது இன்னும் என் வீடு, இங்கே எனக்கு யார் சட்டம் சொல்வது? மனசு இப்படி வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தடுக்க ஆள் ஏது!

பெட்டியைத் திறந்து மெஷினைக் குளியலறைக்குத் தூக்கிப் போனாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோப்புத் தூள் கரைத்து, அடித்தட்டைத் திறந்து மெதுவாக ஊற்றினாள். கீழே கறுப்பாக வழிந்தது. அடேயப்பா, எத்தனை காலத்து அசிங்கம்! பழைய பல்துலக்கியால் இடுக்கெல்லாம் தேய்த்தாள். மறுபடி ஊற்றினாள். பிறகு நல்ல வெந்நீரில் இரண்டு தடவை அலசினாள். வடிகிற தண்ணீர் கண்ணாடியாக வந்ததும் அவள் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு. மெஷினைக் கவிழ்த்து மின்விசிறிக்குக் கீழே வைத்து, மகள் வருவதற்குள் துடைத்து, பெட்டிக்குள் முன்போலவே பொதிந்து வைத்தாள். சொல்லவில்லை. சொன்னால் கத்துவாள். சுத்தமாக இருப்பது பழகிப்போனால் பிறகு தானே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் வண்டி வந்தது. வண்டித் தரையில் முந்தின சவாரியின் ஈரமும் அழுகின காய்கறி நாற்றமும். பினாயிலக்கா வாசலில் நின்று கூச்சல் போட்டாள். "இந்தச் சேத்துலயா வைக்கப்போற? துடைக்க ஒரு துணி இல்லையா உங்கிட்ட?" வண்டிக்காரர் காதில் வாங்கவே இல்லை, மடமடவென்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மகளிடமிருந்து போன்.

"அம்மா, மெஷின் ஓடல. சுச்சப் போட்டதும் பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டி அடியெல்லாம் நனைஞ்சிருக்கு. அந்த வண்டித் தண்ணி உள்ள போயிருக்கு. நீ அப்பவே சொன்னேல்ல?"

பெட்டி ஏன் நனைந்தது என்று பினாயிலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மெஷினின் வயிற்றில் தங்கிய தண்ணீர் ராத்திரி முழுக்க வடிந்திருக்கிறது.

"அம்மா? இருக்கியா?"

"ஆமாடி. அப்பவே சொன்னேன்."

"நல்லவேளை, நீ அடம்பிடிச்சு அந்தப் பாலிசி எடுக்கவெச்சே. இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான். நீ சொல்றதக் கேக்காம எத்தன நாள் உன்னத் திட்டியிருக்கேன். சாரிம்மா."

மகள் மன்னிப்புக் கேட்கிறாள்! பினாயிலக்கா போனை வைத்துவிட்டுப் போய் வாயைக் கொப்பளித்தாள். பல் துலக்கினாள். திரும்பவும் துலக்கினாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மறுநாளாவது சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. தட்டுக்கடியில் டயப்பரை ஒளித்துவிட்டுப் போன அந்தச் சீமாட்டிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று மேசை துடைக்கும்போது ஒரு நாள் தோன்றியது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் சொல்லவில்லை. காப்பீட்டுப் பணம் வந்து மகள் வேறு மெஷின் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று காத்திருந்தாள்.

சேதத்தைப் பார்வையிடக் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் வருகிற நாளில் மகள் கூப்பிட்டாள். "நீயும் வாம்மா. வண்டித் தரை ஈரமா இருந்ததப் பாத்தது நீதானே. கேட்டா சொல்லு." தன் சாவியைப் போட்டுத் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள் பினாயிலக்கா. சின்ன அறைதான். மகள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தாள். நடுவே மேசையில் மெஷின் செத்த பிராணியைப் போல வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

சர்வேயருக்குக் கடும் ஜலதோஷம். தும்மினார், கைக்குட்டையில் சிந்தினார், அந்தக் கையாலேயே மெஷினைத் தொட்டார், பிறகு மேசையைத் தொட்டார், கதவுப் பிடியைத் தொட்டார். பினாயிலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எங்கெங்கே தொட்டார் என்று அவள் கண் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தது. மற்றபடி நல்ல மனிதர். தாய்க்கும் மகளுக்கும் மரியாதை கொடுத்துப் பேசினார்.

"வண்டித் தரை ஈரமா இருந்துச்சாம்மா?"

"ஆமாங்க. நாத்தம் வேற" என்றாள் பினாயிலக்கா. அது பொய்யில்லை.

"வீட்ல கடைசியா எப்ப ஓடுச்சு?" என்று மகளைக் கேட்டார்.

"கட்டி வைக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிகூட ஓடுச்சு சார். ஒரு கவுன் முடிச்சேன்."

அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். "தெளிவாத் தெரியுது. கீழேர்ந்து தண்ணி ஏறியிருக்கு. உள்ள இருக்கற சர்க்யூட் போர்டெல்லாம் பச்சை பூத்துப்போச்சு. சாக்கடைத் தண்ணி மாதிரி எதுவோ உள்ள போயிருக்கு. ஒண்ணும் கவலப்படாதீங்க, நான் எழுதிடறேன். பணம் வந்துடும்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் பினாயிலக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்தது, தப்பித்தாயிற்று. இனி அவள் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது மட்டும்தான். அதைக்கூடச் செய்ய வக்கில்லாமல் போயிற்று.

சர்வேயர் ஒரு குச்சியை உள்ளே விட்டு மூலையில் இருந்து ஈரமான ஒரு சின்னத் தூசி உருண்டையை நெம்பி எடுத்தார். பல்துலக்கி எட்டாத ஏதோ ஓர் இடுக்கில் தங்கியது. அதை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டிச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்ல இந்த மெஷின ஒரு நாளும் சுத்தமே பண்ணதில்ல போலிருக்கே. எவ்வளவு அழுக்கு பாருங்க. வேற ஆளா இருந்தா இதச் சொல்லிக் கொஞ்சம் கழிப்பாங்க. நான் கழிக்கல."

"என்னது?" என்றாள் பினாயிலக்கா.

"இல்லம்மா, சும்மா சொன்னேன். சாக்கடத் தண்ணியோட இந்த அழுக்கும் சேந்து..."

"சாக்கடத் தண்ணியா? யாரு வீட்டுச் சாக்கட? நல்லா தளதளன்னு கொதிச்ச வெந்நீர்ங்க அது! சோப்புப் போட்டு, இண்டு இடுக்கு விடாம தேச்சு, ரெண்டு தடவ அலசியிருக்கேன். வடிஞ்ச தண்ணியக் குடிக்கலாம், அப்படி இருந்துச்சு. சுத்தம் பண்ணதில்லையாம்! உங்க கையப் பாருங்க மொதல்ல!"

கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. பினாயிலக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள், காலம் கடந்த பிறகு.

உண்மை பேசினாள் என்று யாரும் அவளைப் பாராட்டிவிட வேண்டாம். உண்மைக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருவன் அழுக்குக்காரி என்றுவிட்டானே என்கிற ஆங்காரம். மகளின் பிழைப்பும் அந்தச் சாவியும் ஒரு பக்கம், தன் சுத்தம் ஒரு பக்கம் என்று வந்தபோது அந்த ஒரு நொடியில் அவள் எதைப் பிடித்துக்கொண்டாள் என்பதுதான் விஷயம்.

சர்வேயர் குச்சியைக் கீழே வைத்தார். "எப்பம்மா அலசினீங்க?"

பினாயிலக்கா மகளைப் பார்த்தாள்.

"கெளம்பறதுக்கு முன்னாடியா?"

தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோம்மா. காதால கேட்டுட்டேன். கேக்காத மாதிரி என்னால எழுத முடியாது." தன் பையை எடுத்துக்கொண்டு, கதவைத் தானே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மகள் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கத்தியிருந்தால் பினாயிலக்காவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"நீ திட்டுவேன்னு..."

"திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? திட்டிட்டு, அத யார்கிட்டயாவது குடுத்துக் காயவெச்சு, ஏதாச்சும் பண்ணியிருப்பேன். சுச்சப் போட்டிருக்க மாட்டேன். இத்தன நாள் உன்ன நம்பி, அந்த வண்டிக்காரர வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். உனக்கு சாரி வேற சொன்னேன்."

"உன் நல்லதுக்குத்தான்டி. அந்தப் பூன முடிய வெச்சுக்கிட்டு நீ எப்படி இந்த ரூம்ல சோறு..."

"எனக்கு அது அசிங்கமா இல்லம்மா."

இதைச் சொல்லும்போது மகள் ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை பினாயிலக்காவுக்கு நன்றாகத் தெரியும். பந்துத் தொட்டியின் அடியைக் குனிந்து பார்க்கும்போது தன் முகத்திலேயே இருக்கிற பார்வை. அதைத் தன்மேல் யாரும் திருப்பி இதுவரை அவள் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், சர்வேயர் தொட்ட மேசை விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தாள். மகள் அந்தத் துணியை அவள் கையிலிருந்து உருவினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவியக் குடும்மா."

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

அதற்குப் பிறகு மகள் போனை எடுப்பது குறைந்து, பிறகு நின்றே போனது. வேறொரு தையல் கடையில் அவர்கள் மெஷினில் கூலிக்கு உட்காருகிறாள் என்று கேள்வி. ராத்திரியும் பகலுமாய் உழைத்துப் புது மெஷினுக்குச் சேர்க்கிறாளாம். பினாயிலக்கா தன் சம்பளத்திலிருந்து கொடுத்தனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. வீடு இப்போது எப்போதும் சுத்தமாக இருந்தது. அழுக்காக்க ஆள் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை மேசைகள் மட்டும் மாறவில்லை. அதே சாஸ், அதே டயப்பர், அதே "குழந்தைங்கதானே".

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. உணவகத்தில் ஈ நுழைய இடமில்லை. பினாயிலக்கா பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்துகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டுகளை அடுக்க வந்த சர்வர் போகிற போக்கில் சொன்னார்.

"உங்க பொண்ணு வந்திருந்துச்சேக்கா, பாத்தீங்களா?"

"யாரு?"

"உங்க பொண்ணுதான். சிநேகிதங்க ரெண்டு பேரோட. மூலை மேசையில. அம்மாவக் கூப்பிடவான்னு கேட்டேன். வேணாம், வேலையா இருப்பாங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிச்சு. சாப்பிட்டுட்டு இப்பத்தான் கெளம்பிச்சு."

கையில் இருந்த பந்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசல் வரைக்கும் ஓடிப் பார்த்தாள். தெருவில் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன, மகள் இல்லை. திரும்பி வந்து மூலை மேசையின் முன்னால் நின்றாள்.

சுற்றியிருந்த மேசைகளெல்லாம் வழக்கம்போல் அலங்கோலம். ஒன்றில் நூடுல்ஸ் தரை வரைக்கும் தொங்கியது, இன்னொன்றில் ஒரு பிள்ளை தண்ணீரைக் கவிழ்த்து நீச்சல் பழகிக்கொண்டிருந்தது. மூலை மேசையில் ஒன்றும் இல்லை. தட்டும் தம்ளரும் இல்லை. "அதையெல்லாம் அதுவே கொண்டாந்து உள்ள குடுத்துட்டுப் போச்சுக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் பின்னாலேயே வந்த சர்வர். மேசையை ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாளையும் எடுத்துப் போயிருந்தாள். நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டிருந்தாள். பினாயிலக்கா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு பருக்கை, ஒரு துளி, கசக்கிப் போட்ட ஒரு காகிதம், ஏதாவது ஒன்று கிடந்தால் போதும் என்றிருந்தது. எதுவும் கிடக்கவில்லை. அம்மாவின் கை படவேண்டிய எதையும் மகள் விட்டுவைக்கவில்லை.

இத்தனை வருடத்தில் அவளுக்கு அருவருப்புத் தராத மேசை அது ஒன்றுதான். அதன் முன்னால் நிற்கவே அவளால் முடியவில்லை.

அதற்குள் ஒரு குடும்பம் அந்த இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது. இடுப்பில் குழந்தையோடு இருந்த அம்மா, மேசையின்மேல் விரலை வைத்து இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பினாயிலக்காவின் தோளில் கிடந்த துணியைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"இது துடைச்சதுதானே?"

"ஆமாம்மா" என்றாள் பினாயிலக்கா. "என் பொண்ணு துடைச்சுட்டுப் போயிருக்கா."